முன்பாரம்: கடைமடையில் ஒரு ஜீப்புக்கு ட்ரெய்லர் கொக்கி பொருத்திய நிகழ்வின் ஆய்வு

என் பட்டறை மேசையின் மேல் உள்ளங்கை அகலமுள்ள இரும்புத் தகடு ஒன்று இரண்டு துண்டுகளாகக் கிடக்கிறது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரண்டு நிறங்கள் தெரியும். ஒரு விளிம்பிலிருந்து முக்கால் பங்கு வரை பழுப்பேறிய துரு. மீதியுள்ள கால் பங்கு, உடைத்த உப்புக்கட்டியைப் போலச் சொரசொரப்பாகவும் வெண்சாம்பலாகவும் இருக்கிறது. பழுப்பான பகுதி பல வாரங்களுக்கு முன்பே விரிசல் கண்டு, ஈரமும் காற்றும் உள்ளே புகுந்து துருவேறிய பகுதி. வெண்சாம்பல் பகுதி கடைசி நொடியில் முறிந்தது. அப்படியானால், கடைசி நாட்களில் அறுநூறு கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை அந்தத் தகட்டின் கால் பங்கு இரும்புதான் இழுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்த சாலை அது. இந்த ஆய்வை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தகட்டைக் கையில் வாங்கிய போதுதான்.

தேவை எப்படி வந்தது

என் மாமாவுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர் பக்கத்தில், மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும் நிலம் உண்டு. கடைமடைப் பகுதி என்பதால், மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாளிலேயே திறக்கப்பட்டாலும் தண்ணீர் அங்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். வந்த பிறகும் முறை வைத்துத்தான் விடுவார்கள். வாய்க்கால் நீர்மட்டம் வயலுக்குக் கீழே நின்றுவிட்டால் ஆயில் இன்ஜின் வைத்து ஏற்றி இறைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை நேர்மாறாகிவிடும். சம்பாப் பயிர் மூழ்கி நிற்கும்போது அதே இன்ஜினை வைத்து வயல் தண்ணீரை வடிகாலுக்குத் தள்ள வேண்டும். ஆக, ஒரே இன்ஜின் ஆண்டில் இரண்டு பருவங்களில் மூன்று வயல்களுக்கும் ஓட வேண்டியிருக்கிறது.

குட்டியானையை வாடகைக்கு எடுத்தால் இன்ஜினை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொரு முறையும் நான்கு ஆட்கள் வேண்டும். பருவ நேரத்தில் ஆட்களும் கிடைப்பதில்லை, டிராக்டரும் கிடைப்பதில்லை. எனவே இன்ஜினையும் பம்பையும் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றின் மீது நிரந்தரமாகப் பொருத்தி, தம்முடைய ஏழு இருக்கை ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்வது என்று மாமா முடிவு செய்தார். முடிவில் தவறு இல்லை. இன்ஜினைத் தூக்கி இறக்கும் வேலையே இல்லாமல், வாய்க்கால் கரையில் நிறுத்தி உறிஞ்சு குழாயை இறக்கினால் போதும் என்பது பெரிய வசதி.

சொந்த வண்டியின் பின்னால் ட்ரெய்லரைக் கட்டும் வழக்கம் எங்கள் பகுதியில் பரவியதில் கஜா புயலுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். 2018 நவம்பர் 16 அன்று புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத வாரங்களில் ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் மேல்நிலைத் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றினார்கள். கார், ஜீப் எதுவானாலும் பின்னால் சங்கிலியோ கயிறோ கட்டி இழுத்தார்கள். அந்த நேரத்தில் அது வேண்டியிருந்தது. அவசரம் தீர்ந்த பிறகும் அதே முறை தங்கிவிட்டதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது.

முறிவு

முதல் கொக்கியை ஒரு வெல்டிங் பட்டறையில் போட்டிருந்தார்கள். ஜீப்பின் பின் பம்பரைத் தாங்கும் தாங்கியின் மேல் 6 மி.மீ. தகடு ஒன்றைப் பற்றவைத்து, அதில் டிராக்டர் ட்ரெய்லருக்குப் போடுவதைப் போலவே வளையமும், அதில் செருகும் 'பின்' என்னும் கம்பியும் வைத்திருந்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, வாய்க்கால் மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது தகடு முறிந்து, ஏர்க்கால் தரையில் குத்தி, ட்ரெய்லர் குறுக்கே திரும்பி வாய்க்கால் கரையில் சாய்ந்து நின்றது. (ட்ரெய்லரின் முன்னே நீளும் தண்டை மாட்டுவண்டிப் பழக்கத்தில் நாங்கள் ஏர்க்கால் என்றே சொல்கிறோம்.) யாருக்கும் அடிபடவில்லை. பாதுகாப்புச் சங்கிலி என்று ஒன்று இருக்கவே இல்லை.

"கொக்கிதானே உடைஞ்சுது மாப்பிள்ளே, இன்னும் தடியான தகடாப் போட்டுக் கொடுத்துடு" என்றார் மாமா.

"தகட்டைப் பத்திப் பேசறதுக்கு முந்தி பாரத்தைப் பத்திப் பேசணும் மாமா" என்றேன்.

பம்பர் தாங்கி என்பது பம்பரின் எடையைச் சுமப்பதற்கும் சிறிய இடிகளை ஏற்பதற்கும் செய்யப்பட்டது. ஒரு ட்ரெய்லர் இழுக்கும் இழுப்பும், மேலும் கீழும் கொடுக்கும் அடியும் அதன் கணக்கில் இல்லை. இது ஒரு காரணம். பற்றவைப்பின் விளிம்பில் இரும்பு சூடேறி ஆறியதால் அதன் தன்மை மாறி, உள்ளிறுக்கமும் சேர்ந்து, விரிசல் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகிவிட்டது. இது இரண்டாவது காரணம். விரிசல் தொடங்கியதும் சரியாக அந்த விளிம்பில்தான். ஆனால் இவ்விரண்டு மட்டுமே என்றால் தகடு இன்னும் சில மாதங்கள் தாங்கியிருக்கும். மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தவர் தாத்தா.

திண்ணையில் உட்கார்ந்தபடி, இழுத்துவந்து நிறுத்திய ட்ரெய்லரைப் பார்த்து அவர் சொன்னார்: "பின்பாரமா ஏத்தியிருக்கான். ஏர்க்காலைத் தூக்கிப் பாருங்கடா." நான் போய்த் தூக்கினேன். ஒரே கையால் எழும்பி வந்தது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது பாலபாடம். வண்டி பின்பாரமாக இருந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி கழுத்தில் அழுந்திப் புண்ணாகும். மூட்டைகளை அச்சுக்கு முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி, நுகத்தடி கழுத்தின் மேல் அளவாக உட்காரும்படி செய்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார்கள். ஜீப்புக்குக் கழுத்து இல்லை என்பதால் அது வலியைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

எடை போட்டது

ட்ரெய்லரின் மொத்த எடையை அரிசி ஆலையின் எடைமேடையில் போட்டோம். வெறும் ட்ரெய்லர் 180 கிலோ, இன்ஜினும் பம்பும் சேர்ந்து 380 கிலோ, குழாய்கள், டீசல் கேன், சாமான் பெட்டி எல்லாம் 80 கிலோ. ஆக மொத்தம் 640 கிலோ. முன்பாரத்தை, அதாவது ஏர்க்கால் நுனி கொக்கியின் மேல் அமுக்கும் எடையை, அறிய ஒரு நெல் வியாபாரியின் மேடைத் தராசைக் கேட்டு வாங்கிவந்தோம். ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, ஜீப்பில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் ஏர்க்கால் நுனியை அதன் மேல் வைத்தோம். கட்டைகளின் எடையைக் கழித்த பிறகு தராசு காட்டியது 14 கிலோ.

640 கிலோவில் 14 கிலோ என்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு. வட அமெரிக்க நடைமுறையில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை முன்பாரம் வைக்கச் சொல்கிறார்கள்; ஐரோப்பாவில் அதைவிடக் குறைவாக, ஏறத்தாழ 4 முதல் 7 வரை. எந்தக் கணக்கின்படி பார்த்தாலும் இரண்டு போதாது. இவ்வளவு குறைந்த முன்பாரத்தில், சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏர்க்கால் நுனி கீழே அமுக்குவதும் மேலே தூக்குவதுமாக மாறி மாறி வேலை செய்யும். பின்னுக்கும் வளையத்துக்கும் இடையே இருந்த தளர்ச்சியில் அந்த ஆட்டம் சுத்தியல் அடியாகவே விழும். ஒரே திசையில் வரும் பாரத்தைவிட இப்படித் திசை மாறி மாறி வரும் பாரம்தான் விரிசலை வேகமாக வளர்க்கிறது. கம்பியை ஒரு பக்கமாக வளைத்தால் வளைந்து நிற்கிறது, இரு பக்கமும் மாற்றி மாற்றி வளைத்தால் அறுந்துவிடுகிறது அல்லவா, அதே கதைதான்.

பின்பாரத்தின் இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. பாரத்தின் மையம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும் காற்றோ, திடீரென்று திருப்பிய ஸ்டியரிங்கோ ட்ரெய்லரைச் சற்று ஆட்டிவிட்டால் அந்த ஆட்டம் தானாக அடங்காது. வேகம் கூடக் கூட வீச்சு பெருகி, கடைசியில் முன்னால் போகும் வண்டியையே திருப்பிவிடும். மாமா 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதில்லை என்பதால் அது நேரவில்லை.

மருந்து எளிதாக இருந்தது. அச்சிலிருந்து ஏர்க்கால் நுனி வரை 2,200 மி.மீ.; இன்ஜினை ஓர் அடி, அதாவது 305 மி.மீ., முன்னே நகர்த்தினால், 380ஐ 305ஆல் பெருக்கி 2,200ஆல் வகுக்க, ஏறத்தாழ 53 கிலோ முன்பாரம் கூடும். நகர்த்திய பின் தராசு 66 கிலோ காட்டியது. நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். தாத்தா வந்து ஏர்க்காலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். தராசைவிட அந்தச் சொல்லே மாமாவுக்கு நம்பிக்கை தந்தது என்பதை நான் கவனித்தேன்.

இந்த 66 கிலோ ஜீப்பின் பின் அச்சில் 66 கிலோவாக மட்டும் இறங்குவதில்லை. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி வரை 1.1 மீட்டர் என்பதால், நெம்புகோல் போல வேலை செய்து பின் அச்சில் 93 கிலோ ஏறுகிறது, முன் அச்சில் 27 கிலோ குறைகிறது. ட்ரெய்லர் மாட்டிய நாளில் கடைசி இருக்கையில் இரண்டு பேரையும் நெல் மூட்டையையும் ஏற்றலாமா என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஏற்றக் கூடாது.

தேர்வு

எந்த வகைக் கொக்கி என்பதில் மூன்று வழிகள் இருந்தன. டிராக்டர் பாணியிலான வளையமும் பின்னும் மலிவானவை, எந்தப் பட்டறையிலும் கிடைப்பவை. வயலில் மெதுவாக ஓடும் டிராக்டருக்கு அவை போதும், தார்ச்சாலையில் ஓடும் ஜீப்புக்கு அந்தத் தளர்ச்சி ஆகாது. பழைய இராணுவ ஜீப்புகளில் காணப்படும், தாடை மூடி வளையத்தைக் கவ்வும் கொக்கி மிக வலுவானது. அதிலும் தட்டல் உண்டு. பந்தும் அதைக் கவ்வும் கிண்ணமும் கொண்ட இணைப்பு மூன்றாவது. எல்லாத் திசையிலும் திரும்பும், தளர்ச்சி இல்லை. அதையே தேர்ந்தோம்.

பந்து வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதில் சிக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உலகின் பெரும்பகுதியில் பந்தின் விட்டம் 50 மி.மீ.; அமெரிக்க வழக்கில் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 50 மி.மீ. கிண்ணம் 2 அங்குலப் பந்தின் மேல் முழுதாக உட்காராமல் மூடியதைப் போலக் காட்டும். 2 அங்குலக் கிண்ணத்துக்குள் 50 மி.மீ. பந்து ஆடும். கடையில் சொல்வதை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து, பந்தும் கிண்ணமும் ஒரே அளவு என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுத்தேன்.

வலிமையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஒரு டன் தாங்கும்' என்று கடையில் சொன்னால் அதற்குத் தெளிவான பொருள் இல்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 55ஆம் எண் விதிமுறை இரண்டு எண்களைக் கேட்கிறது. ஒன்று 'டி' மதிப்பு: இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் ஒன்றையொன்று முன்பின்னாக உலுக்கும் விசையின் அளவு. வண்டியின் மொத்த அனுமதி எடையையும் ட்ரெய்லர் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் அது கிலோநியூட்டனில் கிடைக்கும். மாமாவின் ஜீப்புக்கு 2.3 டன், ட்ரெய்லருக்கு மேல்வரம்பாக 0.75 டன் என்று வைத்தால் 5.55 கிலோநியூட்டன் வருகிறது. மற்றொன்று 'எஸ்' மதிப்பு: பந்தின் மேல் செங்குத்தாக இறங்கக்கூடிய முன்பாரம், கிலோவில். நாங்கள் வாங்கிய கொக்கியின் தகட்டில் டி 7 என்றும் எஸ் 75 என்றும் பொறிக்கப்பட்டிருந்தன. இழுவைக்கு இடைவெளி தாராளம்; முன்பாரத்துக்கு 9 கிலோ மட்டுமே மிச்சம். எல்லோரும் இழுக்கும் எடையைப் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் நிகழ்வில் வரம்பை முதலில் தொட்டது அமுக்கும் எடைதான்.

0.75 டன் என்ற மேல்வரம்பை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ட்ரெய்லரில் தனி பிரேக் கிடையாது. ஐரோப்பிய நடைமுறையில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோ அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. ஜீப் 1,690 கிலோ. அதில் பாதி 845. எனவே 750. இதற்கெல்லாம் மேலாக, வண்டியைச் செய்த நிறுவனத்தின் கையேடு குறைவான எண்ணைச் சொன்னால் அதுவே இறுதி. கையேட்டைத் திறந்து பார்க்காமல் கொக்கி வாங்குபவரை நான் கடையிலேயே தடுத்து நிறுத்துவேன்.

தனிச் சேஸிஸ் (உடலுக்குக் கீழே தனியாக உள்ள இரும்புச் சட்டம்) உள்ள ஜீப் என்பதால் எங்களுக்கு வேலை எளிதாயிற்று. உடலும் அடித்தளமும் ஒன்றாக வார்த்ததைப் போன்ற சிறிய கார்களில், மெல்லிய தகட்டின் மேல் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும், அந்தக் காருக்கென்றே வடிவமைத்த தாங்கி இல்லாவிட்டால் கொக்கி பொருத்தவே கூடாது.

நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியை வேண்டாம் என்று சொல்லி, 2 அங்குலச் சதுரக் குழாயில் செருகி 16 மி.மீ. 'பின்' கொண்டு பூட்டும் வகையை எடுத்தோம். ட்ரெய்லர் இல்லாத நாட்களில் பந்தைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிடலாம். பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் முழங்காலுக்கும் நல்லது, எண்பலகையும் மறையாது.

சட்டம்

இதில் அவசரப்படவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)இல் ட்ரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. எனவே பிரிவு 39 கேட்கும் பதிவு ட்ரெய்லருக்கும் பொருந்தும். பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017 டிசம்பரில் முன்புறத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதையும் பலர் மறந்துவிட்டார்கள்.

போல்ட்டில் பூட்டிக் கழற்றக்கூடிய கொக்கி எந்த வகையில் சேரும் என்பதை மெக்கானிக்கோ கடைக்காரரோ தீர்மானிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கொக்கியின் விவரத் தாளையும் எடைச் சீட்டையும் இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினோம்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதையே செய்தோம். மாமா பொறுமை இழந்த நாட்கள் அவை. நாற்று வயலில் இருக்க, இன்ஜின் வீட்டில் இருந்தது.

பொருத்தியது

பம்பரைக் கழற்றியதும் பழைய பற்றவைப்பு சேஸிஸ் வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. களிமண்ணைக் கழுவி, உலர வைத்து, சேஸிஸின் பின்முனையில் சிவப்புச் சாயத்தைத் தெளித்துக் கால் மணி நேரம் விட்டோம். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தோம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையின் மேல் மெல்லிய சிவப்பு இழையாக எழுந்து வரும். பம்பர் தாங்கியில் அப்படி இரண்டு இழைகள் வந்தன; சேஸிஸில் ஒன்றும் இல்லை. தாங்கியை மாற்றினால் போதும் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

கொக்கி அந்த ஜீப் மாதிரிக்கென்றே செய்யப்பட்டது என்பதால், சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே உட்கார்ந்தது. புதிதாக ஒரு துளை போடவில்லை, ஓரிடத்திலும் பற்றவைக்கவில்லை. வேறு வழியே இல்லாமல் துளை போட நேர்ந்தாலும் சேஸிஸ் கட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடக் கூடாது. வளைவின் முழு இறுக்கமும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கட்டை நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம். அதன் ஊடாகப் போல்ட்டைச் செலுத்தி வெறுமனே முடுக்கினால், முடுக்க முடுக்கப் பக்கத் தகடுகள் உள்வாங்கும். முடுக்கியது போலத் தெரியும், பிடிப்பு இருக்காது. கொக்கியோடு வந்த குறுங்குழாய்களைச் சேஸிஸின் திறந்த பின்முனை வழியாக உள்ளே நகர்த்தி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒன்றாகத் துளைக்கு நேரே நிறுத்தினோம். இந்த வேலைக்கே அரை நாள் போயிற்று. பக்கத்துக்கு நான்கு என 12 மி.மீ. போல்ட்டுகள் எட்டு, தலையில் 8.8 என்ற எண் பொறித்தவை. அந்த எண் இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி கூறினாலும் வாங்கக் கூடாது. எட்டையும் முதலில் கையால் ஓட்டி, ரசமட்டம் வைத்துக் கொக்கியின் குறுக்குக் குழாயை நேர்செய்து, பிறகு முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் தாளில் குறித்திருந்த 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கி, ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தோம். நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிவிடும்.

என் கவனக்குறைவு ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். தகடும் சேஸிஸும் தொடும் முகங்களில் பழைய தார்ப்பூச்சையும் தடித்த பெயின்ட்டையும் முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய துத்தநாகப் பூச்சு மட்டும் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் அப்படியே செய்தோம். இடப்பக்கம் உள் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய பூச்சு தங்கிவிட்டதை நான் பார்க்கவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சோதித்தபோது இடப்பக்கம் இரண்டு கோடுகள் முறிந்திருந்தன; பூச்சு நசுங்கி வழிந்து, போல்ட் பிடிப்பு குறைந்திருந்தது. கழற்றிச் சுரண்டி, புதிய நட்டுகள் போட்டு முடுக்கினோம். அதன் பின் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரு கோடும் நகரவில்லை.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காகப் போட்டு, செருகிக் கழற்றும் துண்டில் மாட்டாமல் சேஸிஸோடு பூட்டிய குறுக்குக் குழாயின் காதுகளில் மாட்டினோம். கிண்ணம் பந்திலிருந்து நழுவினாலும் ஏர்க்கால் நுனி தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். திருப்பங்களில் இழுபடாத அளவுக்கு நீளம் வேண்டும், தரையில் உரசாத அளவுக்குக் குறுகியிருக்கவும் வேண்டும்.

விளக்குகளுக்கு ஏழு முனை சாக்கெட். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின்விளக்கு, பழுப்பு வலது, நீலம் பின்பனி விளக்கு, வெள்ளை எர்த். எர்த் இணைப்பைக் கொக்கிப் பந்தின் வழியாகவே விட்டுவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பந்தில் கிரீஸ் இருக்கிறது, வண்டி ஆடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். வெள்ளை ஒயரைத் தனியாகச் சேஸிஸில் சுரண்டிய இடத்தில் பூட்டினோம். 21 வாட் பல்பு ஒவ்வொன்றும் 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் கூடுதலாக இழுக்கும் என்பதால், ஜீப்பின் ஒயரை அறுத்து நேரே ஒட்டாமல் ரிலே வழியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்தோம்.

ஓட்டமும் பின்னும்

முதல் ஓட்டத்தை இன்ஜின் இல்லாமல், 40 கிலோ நெல் மூட்டைகள் பத்தை அச்சுக்குச் சற்று முன்னால் அடுக்கி, விடியற்காலையில் திருத்துறைப்பூண்டி சாலையில் நடத்தினோம். நாற்பதைத் தாண்டவில்லை. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திச் சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்; கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் முடுக்கம் தவறு. இளஞ்சூடுதான் இருந்தது. மதகு மேடுகளில் முன்பிருந்த தட்டல் சத்தம் இல்லை. பிரேக் போட்டால் வண்டி நிற்க முன்பைவிட நீண்ட தூரம் எடுத்தது. இதை மாமாவே ஓட்டி உணர வேண்டும் என்பதற்காகத் திரும்பும்போது அவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். பின்னால் ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

கார்த்திகையில் சம்பா வயல் நீரை வடிக்க ட்ரெய்லர் தொடர்ந்து ஓடியது. மழை விட்டதும் சோதித்தபோது கொக்கியிலும் போல்ட்டிலும் குறை இல்லை. சாக்கெட்டின் மூடி மட்டும் சரியாகப் பொருந்தாமல் தண்ணீர் புகுந்து, எர்த் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, மூடியை மாற்றினோம். கடற்காற்று அடிக்கும் பக்கங்களில் இதை மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ட்ரெய்லரின் தளத்தில், இன்ஜின் அடிச்சட்டம் உட்கார வேண்டிய இடத்தில், மாமா சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறார். டீசல் கேன் அச்சுக்கு நேர் மேலே மட்டும் வைக்கப்படுகிறது, அதனால் டீசல் குறைந்தாலும் முன்பாரம் மாறுவதில்லை. அடுத்த குறுவைக்குக் களை எடுக்கும் இயந்திரம் ஒன்றையும் அதே ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும் என்கிறார். அது 90 கிலோ. ஏற்றினால் மொத்தம் 730. 750க்குள்தான் இருக்கிறது, ஆனால் ஏர்க்கால் பக்கம் காலியாக உள்ள இடத்தில் அதை வைத்தால் முன்பாரம் 75ஐத் தாண்டிவிடும், பின்பக்கம் வைத்தால் பழைய நிலைமைக்கே திரும்பும். இயந்திரம் வந்ததும் நெல் வியாபாரியிடம் மேடைத் தராசை மறுபடியும் கேட்டிருக்கிறோம்.